ஃப்ரிட்ஜ் மாற்றாம்

காலையில் மற்றவர்கள் பால் வாங்கப் போவார்கள். என் அம்மா இன்சுலின் வாங்கப் போவாள். மருந்துக் கடைக்கு அல்ல, கீழ்வீட்டுக்கு. வீட்டுக்காரரின் சமையலறையில் நிற்கும் பெரிய ஃப்ரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில், அவள் மருந்து ஒரு டப்பாவில் இருந்தது. முகம் கழுவி, திருநீறு இட்டு, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப் போலப் படியிறங்குவாள். ஊசி போட்டுக்கொண்டு, டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, தெரு வம்பையும் கேட்டுக்கொண்டுதான் மேலே வருவாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் இதே ஊர்வலம். தன் மருந்துக்கு அடுத்தவர் வீட்டு மணியை அடிக்கும் இந்த ஏற்பாடு எங்களுக்கு எப்படி வாய்த்தது என்று சொன்னால், திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் வீடு தேடும் தமிழர் யாருக்காவது உதவும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். கோவில்பட்டியில் காலையில் ரயிலேறினால் மத்தியானச் சோற்றுக்குத் திருவனந்தபுரம் வந்துவிடலாம். இதற்குப் புலம்பெயர்வு என்று பெரிய பெயர் எதற்கு? நானும் அப்படி நினைத்துத்தான் இங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு வேலைக்கு வந்தேன். பனி இல்லை, பாஸ்போர்ட் இல்லை, இலையில் சோறு உண்டு, பேச்சில் பாதி நம்முடையது. ஆபத்தே அந்தப் பாதியில்தான் இருக்கிறது. சீனர் பேசினால் புரியவில்லை என்பதாவது நமக்குப் புரியும். மலையாளி பேசினால் எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருக்கும்.

அம்மாவை இங்கே கூட்டி வந்தது என் பிடிவாதம். அப்பா போன பிறகு கோவில்பட்டி வீட்டில் தனியாக இருந்தாள். ஒருநாள் சர்க்கரை இறங்கி அடுப்படியில் விழுந்து கிடந்தவளைப் பால்காரர் பார்த்துச் சத்தம் போட்டதால் பிழைத்தாள். அந்த வீட்டை ஒரு டீச்சர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அவளை என்னோடு அழைத்துக்கொண்டேன். ஒத்துவரவில்லை என்றால் டீச்சரைக் காலி செய்யச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று ரயிலிலேயே நிபந்தனை போட்டுவிட்டாள். அவளை மறுபடியும் தனியாக விட எனக்கு மனமில்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்காரர் என்றால் நாலு சுவரைக் கொடுத்து, அதில் ஆணி அடிக்கக் கூடாது என்பார். ஃப்ரிட்ஜ் நம்முடையது, அது செத்தால் அழுகையும் நம்முடையது. இங்கே அப்படியில்லை. ஐ.டி. பார்க்கை நம்பி எழுந்த வீடுகள் எல்லாம் 'செமி ஃபர்னிஷ்டு'. அதாவது, வீட்டுக்காரர் தன் வீட்டுக்குப் புதிய ஃப்ரிட்ஜ் வாங்கும்போது பழையது மாடிக்கு ஏறும். கூடவே வாடகையும் ஏறும். அவர் வீட்டில் ஓய்வு பெற்ற அத்தனைக்கும் எங்கள் வீட்டில் மறுநியமனம். எங்கள் வீட்டுக்காரர் சுகுமாரன் சார் வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்துத் திரும்பியவர். குளிரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவர் தந்த ஃப்ரிட்ஜுக்குத்தான் அது தெரியாது.

சித்திரை வெயிலில் அது முழுசாகக் கையை விரித்தது. பால் திரிந்தது, மாவு பொங்கி வழிந்தது. அம்மாவின் மருந்து வெதுவெதுப்பாக இருந்ததைத் தொட்டுப் பார்த்த அன்று நான் கீழே ஓடினேன். சார் முதலில் "நோக்காம்" என்றார், பார்க்கலாமாம். அடுத்த வாரம் "சரியாக்காம்" என்றார். அதற்கடுத்து "மோனோடு சோதிக்காம்" என்றார். துபாயில் இருக்கும் மகனிடம் கேட்கிறாராம். மகன் இந்த ஃப்ரிட்ஜைக் கண்ணால் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும். ஆனாலும் அவன் சம்மதம் இல்லாமல் இங்கே ஒரு பல்பு மாறாது. நான் ஏமாந்ததற்குக் காரணம், இவர்கள் சொல்லும் சால்ஜாப்பு எல்லாம் 'ஆம்' என்று முடிவதுதான். தமிழ்க் காதுக்கு அது ஒப்புதல் மாதிரியே கேட்கிறது.

ஒருநாள் சார் நேரிலேயே வந்தார். கதவைத் திறந்து, மாவுப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தமிழர்கள் ஆண்டு முழுவதும் மாவை அடைத்து வைத்தால் எந்த யந்திரம்தான் தாங்கும் என்று வருத்தப்பட்டார். பிறகு அம்மாவின் மருந்து டப்பா கண்ணில் பட்டது. மனிதர் உண்மையிலேயே இளகிவிட்டார். "அம்மா ஒண்ணும் பேடிக்கண்டா. ஞாயிறாழ்ச்ச ஃப்ரிட்ஜ் மாற்றாம்" என்றார். பயப்பட வேண்டாமாம், ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜை மாற்றிவிடலாமாம். அன்று முழுவதும் சுகுமாரன் சாரைப் போல் ஒரு மனிதர் உண்டா என்று அம்மா ஊருக்கெல்லாம் போன் பேசினாள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஆட்டோவில் இரண்டு பேர் வந்து பழையதை இறக்கிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் கரப்பான் எச்சமும் காய்ந்த வெங்காயச் சருகும் கிடந்தன. அம்மா தேய்த்துக் கழுவி, மாக்கோலம் போட்டு, புதிய மருமகளுக்குக் காத்திருப்பது போல் காத்திருந்தாள். மருந்தை அதுவரை ஈரத்துணி சுற்றி மண்பானையில் வைத்திருந்தோம். சாயங்காலம் வரை யாரும் வரவில்லை. நான் கீழே போய், புதியது எப்போது வரும் என்று கேட்டேன். சார் நிஜமாகவே திகைத்தார்.

"புதியதோ? மோளே, ஞான் மாற்றாம் என்னல்லே பறஞ்ஞது? மாற்றி. மாற்றித் தராம் என்னு பறஞ்ஞில்லல்லோ."

மாற்றுகிறேன் என்றுதானே சொன்னாராம், மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லையாம். மலையாளத்தில் 'மாற்றுவது' என்றால் ஒன்றை எடுத்து வேறொன்றை வைப்பதும் உண்டு, வெறுமனே அப்புறப்படுத்துவதும் உண்டு. கெட்டுப்போன சாமான் அம்மாவின் உடம்புக்கு ஆகாது என்று அவர் அப்புறப்படுத்தியிருக்கிறார். செய்த உபகாரத்துக்கு நான் நன்றி சொல்லாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. 'தராம்' என்ற ஒரு சொல்லில் ஒரு முழு ஃப்ரிட்ஜ் போய்விட்டது. எந்த வக்கீலும் இவ்வளவு சுத்தமாக வாதாடி நான் பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் தமிழும் வரவில்லை, மலையாளமும் வரவில்லை.

அப்போது உள்ளே இருந்து அவர் மனைவி விலாசினி சேச்சி வந்தார். விஷயத்தைக் கேட்டதும், தன் ஃப்ரிட்ஜில் ஊர்ப்பட்ட இடம் இருக்கும்போது அம்மா ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று அன்றே மருந்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அவர் அன்பில் கலப்படம் இல்லை. பலாப்பழம் வெட்டினால் எங்களுக்கு ஒரு பங்கு வரும், அவியல் வைத்தால் கிண்ணம் வரும். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது எல்லாம் வரும். ஃப்ரிட்ஜ் மட்டும் வராது. அதன் பிறகு நான் எப்போது வாய் திறந்தாலும் சார், பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே என்று முகம் மலர்வார். இந்த அன்பை வைத்துக்கொண்டு சண்டை போடவும் முடியவில்லை. அம்மாவோ நாளுக்கு நாள் மலையாளத்தில் தேறினாள்; 'ற்ற'வைக்கூட அவர்களைப் போல 'ட்ட' என்று கேட்கும்படி சொன்னாள். 'அப்படியா' என்பதற்கு "ஆணோ?", எதற்கெடுத்தாலும் "அய்யோ கஷ்டம்" என்று என்னிடமே பேச ஆரம்பித்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அம்மா வழக்கம்போல் படியிறங்கினாள். கீழே பூட்டுத் தொங்கியது. போன் செய்தால் சேச்சி, கல்லாற்றில் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருப்பதாக ஆனந்தமாகச் சொன்னார். விடியுமுன் கிளம்பியதால் எங்களை எழுப்ப மனம் வரவில்லையாம். பொன்முடி மலையும் ஏறிவிட்டு ராத்திரிதான் திரும்புவார்களாம். அம்மாவின் மருந்து பூட்டிய வீட்டுக்குள் முட்டைகளோடு சுகமாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து, கோபம் இல்லாமல் சொன்னாள்.

"ஏளா, நான் ஊருக்கே போயிருதேன். அங்கன விழுந்து கெடந்தாலும் எம் மருந்து எங்கூட இருக்கும்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்துக் கடைக்கு ஓடி வேறு வாங்கி வந்தேன். ஊசி போட்டு அவளைச் சாப்பிட வைத்த கையோடு, பைபாஸ் ஓரத்துக் கடைக்குப் போய் என் காசில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கினேன். அம்மா கோலம் போட்ட இடத்திலேயே அதை நிறுத்தினோம். இரவு ஊர் திரும்பிய சுகுமாரன் சார் மேலே வந்து, கதவைத் திறந்து மூடி, அதன் குளிரை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். "கண்டோ, ஞான் அன்னே பறஞ்ஞில்லே, எல்லாம் சரியாகும்" என்றார், அன்றே சொன்னவராக. போகும்போது, இதில் மாவு அதிகம் வைக்க வேண்டாம் என்று அறிவுரையும் தந்தார்.

அம்மா ஊருக்குப் போகவில்லை. மருந்து இப்போது அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாயாவுக்கு மட்டும் கீழே போகிறாள்.

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து டீச்சர் போன் செய்தார். கிணற்று மோட்டார் காந்துகிறது, தண்ணீர் ஏறவில்லை, குடத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது, புதியது போட்டுத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டார். அம்மா ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அந்த மோட்டார் அந்தக் காலத்துச் சாமான், இப்போது வருகிறதெல்லாம் சோதா என்றாள். நீங்கள் துணி நிறையத் துவைக்கிறீர்களோ என்று கேட்டாள். மகள் கேரளாவில் இருக்கிறாள், அவளிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் விடவில்லை. ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார்.

"மாற்றாம் டீச்சர்" என்றாள் அம்மா, விலாசினி சேச்சியின் ராகம் பிசகாமல்.

டீச்சர் பதறினார்.

"என்னம்மா, மாட்டோம்னு இப்படி ஒரேயடியாச் சொல்லுதீங்க?"

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏளா, நான் எந்த ஊர்ப் பேச்சுல சொன்னேன்?" என்று கேட்டாள்.