சந்திரமோகன் வைத்த பொட்டு

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் ஆந்திரா வரைக்கும் வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தால் சந்திரமோகனுக்கு ஒரு சிரிப்பு. "நிக்கிறானுங்க பாரு, கழனித்தண்ணிக்கு நிக்கிற மாடு மாதிரி" என்றபடி ஸ்கூட்டரை மண் ஓரமாக இறக்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போவார். வரிசையில் நிற்கிற எவனும் அவருக்கு மனுஷன் இல்லை. சொன்ன விலையைக் கொடுக்கிறவனும் இல்லை. புதுசாக ஒரு பொருளை வாங்கி, அதன் அட்டைப்பெட்டியையும் பரணில் பத்திரப்படுத்துகிறவன் இருக்கிறானே, அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய கீழுதடு தானாகப் பிதுங்கும்.

சிப்காட்டில், இரும்புக்கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். நட்டு, போல்ட்டு, பேரிங், கையுறை, இதுதான் அவர் ராஜ்ஜியம். புதுக் கையுறை கேட்டு வருகிறவனை ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கவைத்து, பழசைக் காட்டு என்பார். காட்டினால் ஓட்டை வழியே அவனுடைய விரல் வெளியே தெரியும். "காத்தாடட்டும், போ" என்று ஜன்னலைச் சாத்துவார். சூடான கம்பியோடு வேலை செய்கிறவனுக்கு எந்தக் காற்று ஆடும் என்று அவர் யோசித்ததில்லை.

வீடும் அதே லட்சணம்தான். ஃபிரிட்ஜ் செகண்ட் ஹாண்ட். டிவி செகண்ட் ஹாண்ட். தண்ணி மோட்டார், யாரோ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகும்போது அடித்துப் பேசி வாங்கியது. இருக்கிற ரெண்டு ஃபேனும் ரெண்டு விதமாக இருமும். அவர் மனைவி பூவம்மாள், "இந்த ஊட்டுக்குப் புதுசா வந்தது நான் ஒருத்திதான்" என்பாள். "நீ மட்டும் இன்னா, ஷோரூம் பீஸா?" என்பார் அவர். சொல்லிவிட்டு, பெரிய நகைச்சுவை செய்தவர்போல் சுற்றிலும் பார்ப்பார்.

வந்து சேரும் ஒவ்வொரு பழம்பொருளுக்கும் அவரே பொட்டு வைப்பார். மோதிர விரலால் சந்தனத்தை ஒரு இழுப்பு. அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டு, அடுப்புக்கல் போட்ட மாதிரி முக்கோணமாக. ஒற்றைப் பொட்டு வைக்கிறவர்கள் சோம்பேறிகள் என்பது அவர் கட்சி. ஆயுத பூஜைக்கு ஆலையில் எவனையும் சந்தனக் கிண்ணத்தைத் தொட விடமாட்டார். எடை மேடையிலிருந்து டீ மிஷின் வரைக்கும் அந்த மூன்று பொட்டுதான். இந்த வட்டாரத்திலேயே தன்னைப்போல் பொட்டு வைக்க ஆளில்லை என்று சொல்லிக்கொள்வார். உண்மைதான். அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படவும் இல்லை.

ஒரு வருஷம் மேனேஜர் அருணாச்சலம் தன் லேப்டாப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, "இதுல ஈரத்த வெக்காதய்யா, பாழாப் பூடும்" என்று சொல்லிவிட்டார். சந்திரமோகன் தலையை ஆட்டினார். மேனேஜர் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க வெளியே போன சமயம், லேப்டாப்பைக் கவிழ்த்து, பேட்டரியைக் கழற்றி, அந்தக் குழிக்குள் ஒரு இழுப்பு இழுத்து, மூன்று பொட்டையும் வைத்து மூடிவிட்டார். சாமிக்காக அல்ல. அந்த ஆளுடைய பொருளுக்குள் அந்த ஆளுக்கே தெரியாமல் தன் விரல் இருக்கிறது என்ற சுகத்துக்காக.

அடுத்த கோடையில் அந்த லேப்டாப் சூடேறிச் சூடேறித் தானாக அணைய ஆரம்பித்தது. யார் யாரோ பார்த்தார்கள். தேறவில்லை. கடைசியில் உடைந்த பிரிண்டர்களோடு சேர்த்து அதைக் கழித்துக்கட்ட, எடை மேடைக்கு ஏற்றிவிட்டவரும் சந்திரமோகன்தான். பழைய சாமான் எடுக்க வந்தவனிடம், "இதயும் பாலீஷ் போட்டு எவன் தலையிலனா கட்டுவீங்க. அதுக்குன்னு ஒரு கேணையன் எங்கனா பொறந்துகினு இருப்பான்" என்றார். அன்றைக்குச் சாப்பிடும்போது இந்தப் பொட்டுக் கதையையும் கேணையன் கதையையும் ஒன்றாகச் சேர்த்து வீட்டில் சொன்னார். அடுத்த வாரமும் சொன்னார். மச்சான் வரதன் வந்திருந்தபோது ரசத்தை ஊற்றிக்கொண்டே மறுபடியும் சொன்னார்.

அவர் மகள் சுமலதா திருவள்ளூர்ப் பக்கம் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தாள். மார்ச்சில் ப்ராஜெக்டை வாத்தியார்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வருஷம் போச்சு. காலேஜ் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் முட்டிக்கொள்வார்கள். இவள் முறை வருகிற நேரத்தில் எளாவூர் வழியாகப் போகும் காலேஜ் பஸ் ஹாரன் அடிக்கும். வீட்டில் செய்யலாம் என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. லேப்டாப் வேண்டும் என்று கேட்க அவள் நிறைய நாள் தைரியம் சேர்த்தாள். கேட்டதும் கேட்காததுமாக, "செகண்ட்ஸ்ல பாக்கலாம்" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

வரதன் பூவம்மாளின் தம்பி. திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். டிவி, வண்டி, சோபா எல்லாம் தவணையில். சந்திரமோகன் அவனைத் தவணை வரதன் என்பார், அவன் பெண்டாட்டி முன்னாலேயே. விஷயம் தெரிந்து அவன் பஸ் ஏறி வந்தான்.

"மாமா, படிக்கிற பொண்ணு. புதுசா எடுப்போம். என் கார்டுல போட்டுக்கறேன். நீங்க மெதுவா குடுங்க."

"உன் ஊட்ல நாற்காலிகூட பாங்குக்காரனோடது. எவனனா உக்காரச் சொல்லணும்னா நீ அவன்கிட்ட பர்மிஷன் வாங்கணும். நீ எனக்கு வாங்கித் தர்றியா?"

வரதன் சிரித்தான். கோபப்படத் தெரியாதவன் அவன். சந்திரமோகனுக்கு அவனிடத்தில் ரொம்பப் பிடிக்காததும் அதுதான்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஹனீப் கடை. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். அவனுடைய அண்ணன் தம்பிகள் துணி, பாத்திரம் என்று இருக்க, இவன் மட்டும் பழைய கம்ப்யூட்டர் வாங்கிச் சரிபண்ணி விற்றான். சந்திரமோகன் மகளைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்த ஒன்றைக் கை காட்டினார்.

"யாருக்கு சார்?"

"பொண்ணுக்கு. காலேஜு."

ஹனீப் அதை எடுக்கவில்லை. "அப்போ இது வேணாம் சார். புதுசா எடுங்க. இது எதோ கம்பெனில கழிச்ச சரக்கு. கீபோர்டு மாத்தியிருக்கறேன், மேல்மூடிக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறேன். ஊட்ல பாட்டு கேக்க, படம் பாக்க ஆவும். உள்ள இன்னா வியாதின்னு எனக்கே தெரியாது. நாளைக்கு எதுனா பேஜாரு ஆச்சுன்னா பொண்ணு படிப்பு கெட்டுப் பூடும்."

நியாயமாகப் பேசுகிறவனைக் கண்டால் சந்திரமோகனுக்கு உடனே கண் சுருங்கும். வேணாம் என்கிறானா? அப்படியானால் வேற எவனுக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறான். இல்லையென்றால் விலை ஏற்றப் பார்க்கிறான். வியாபாரி ஒருவன் சும்மா உண்மை சொல்லிவிடுவான் என்கிற சாத்தியத்துக்கு அவர் மண்டையில் இடமே கிடையாது.

"பாய், என்கிட்டயேவா? நான் ஸ்டோர்ஸ்ல தல நரச்ச ஆளு. எடு அத."

கையில் தூக்கிப் பார்த்தார். தர்பூசணி வாங்குகிறவர்போல் முதுகில் தட்டிக் காதை வைத்தார். கடையில் இருந்த இன்னொரு ஆள் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எங்க மேனேஜர் வெச்சிருந்தது இதே மாடல்தான். பெரிய ஆளுங்க வெச்சுக்கறது" என்றார்.

"அது இன்னா சார் ஆச்சு?"

"அந்தாளுக்கு வெச்சுக்கத் தெரியல."

சுமலதா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, "ப்பா, அவரே வேணாங்கறாரே" என்றாள்.

"உனக்குப் படிக்கத் தெரிஞ்சா போதும். வாங்கறதுக்கு நான் இருக்கறேன்."

கேட்ட விலையில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு, உலகத்தையே குறைத்துவிட்ட முகத்தோடு அவர் வெளியே வந்தார். ஹனீப் கடைசியாக ஒரு தடவை அந்தப் பெண்ணைப் பார்த்து, "சூடாச்சுன்னா ஆஃப் பண்ணிடும்மா" என்றான்.

வீட்டில் பூவம்மாள் சந்தனம் கரைத்துக் கொடுத்தாள். மேல்மூடியில் ஒரு இழுப்பு, மூன்று பொட்டு. சுமலதா ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சும்மா திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எவ்வளவு பழசானாலும் அவளுக்கு அது புதுசுதான்.

ஞாயிற்றுக்கிழமை வரதனைச் சாப்பிட வரச் சொன்னார் சந்திரமோகன். பாசத்தினால் இல்லை. லேப்டாப்பைக் காட்ட. சுமலதா காலையிலிருந்து ப்ராஜெக்டை அதில் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் நின்றுகொண்டு, தானே அடிக்கிற மாதிரி, "பாத்தியா வரதா, எப்படி ஓடுது? பெட்டியத் தூக்கினு வர்றதுல இன்னா பெருமை? கண்ணு வேணும்யா, கண்ணு" என்றார்.

அவர் 'கண்ணு' என்று சொல்லும்போதே உள்ளேயிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. மேட்டில் ஏறும் லாரி மாதிரி. சுமலதா கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"மாமா, தோசை ஊத்தலாம் போலக்குது" என்றான் வரதன், தொட்டுப் பார்த்து.

சட்டென்று திரை கறுத்தது. காலையிலிருந்து அடித்தது எல்லாம் போனது. சுமலதா மறுபடியும் போட்டாள். அது எழுந்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் செத்தது.

"செல்லுக்குப் பண்ற மாதிரி பேட்டரியக் கழட்டி மாட்டும்மா" என்றான் வரதன்.

அவள் கவிழ்த்தாள். பேட்டரியைத் தள்ளினாள். எடுத்தாள்.

குழிக்குள் ஒரு சந்தன இழுப்பு. காய்ந்து, வெடித்து, வறண்ட ஏரி மாதிரி. அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டு. முக்கோணமாக.

முதலில் பேசியவள் பூவம்மாள். "இன்னாங்க, உள்ளயும் வெச்சீங்களா?"

"ஆமா. அன்னிக்கே, வாங்கின உடனே..." என்று ஆரம்பித்தார். மேல்மூடியில் அவர் வைத்த சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது. உள்ளே இருப்பது பழுப்பு. அந்தக் குழியை அவருக்குத் தெரியும். அதன் ஓரத்தில் விரல் இடித்துப் பொட்டு ஒன்று லேசாக நசுங்கியதுகூடத் தெரியும். பூசணிக்காய் உடைகிற சத்தம் அவர் காதில் மறுபடி கேட்டது.

கட்டைவிரலால் தேய்த்தார். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. சிவப்பு போகவில்லை.

"ப்பா" என்றாள் சுமலதா. "இது உங்க மேனேஜரோடது."

பூவம்மாளுக்கு ரசச்சாதத்தோடு பல தடவை கேட்ட கதை ஞாபகத்துக்கு வர ஒரு நிமிஷம் ஆயிற்று. வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வரதனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் சிரிக்கவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். சந்திரமோகனுக்கு அந்தச் சிரிப்பைவிட இந்தக் குனிவுதான் சுட்டது.

"அந்த பாய் என் தலையில கட்டிட்டான். நாளைக்கே போயி நாலு வார்த்த நறுக்குனு கேக்கறேன்."

"அவரு கட்டலப்பா. வேணாம் வேணாம்னாரு. நீங்கதான் தலையக் குனிஞ்சு வாங்கிக்கினீங்க."

அவளை அறைவதற்கு அவர் கை எழுந்ததா, இல்லை ஃபேனைக் குறைக்க எழுந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபேனைத்தான் குறைத்தார். அது இருமிவிட்டு நின்றது.

மறுநாள் சுமலதா காலேஜிலிருந்து நேராக வீட்டுக்குத் திரும்பவில்லை. மணவாள நகரில் இறங்கி, மாமாவோடு போய், மாமா கார்டில் புதுசு வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் கேட்கவில்லை. ஹனீப் கடைப் பக்கம் சந்திரமோகனும் போகவில்லை. போனால் அவன், "சொன்னேனே சார்" என்பான். மரியாதையாகச் சொல்வான். அதுதான் தாங்காது. ஆலையில் மட்டும், "பஜார்ல ஒரு திருட்டுப் பய..." என்று கதையை வேறு மாதிரி கட்டிக்கொண்டிருந்தார். கையுறை கேட்டு நின்றவன் தலையாட்டிக் கேட்டான், கையுறைக்காக.

புது லேப்டாப் வந்த அன்று கூடத்தில் அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே வெள்ளைத் தெர்மாகோல், ஒரு புது வாசனை. அந்த வீட்டில் யாருக்கும் பழகாத வாசனை. பூவம்மாள் வழக்கம்போல் சந்தனம் கரைத்து வைத்தாள். சந்திரமோகனும் வழக்கம்போல் மோதிர விரலை அதில் தோய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

சுமலதா மூடியைச் சாத்தி, அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு வேணாம்ப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள் வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு எழுந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அட்டைப்பெட்டியைத் தூசி தட்டிப் பரணில் வைத்தாள்.

சந்திரமோகனின் கீழுதடு தானாகப் பிதுங்கியது. "பொட்டியப் போயி பரண்மேல வெக்கிறா பாரு" என்றார். பூவம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. விரலில் சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது. எதிலாவது இழுத்துவிடலாம் என்று சுற்றிலும் பார்த்தார். டிவி, ஃபிரிட்ஜ், அதன்மேல் வைத்திருந்த அந்தச் செத்த லேப்டாப். எல்லாவற்றிலும் ஏற்கெனவே மூன்று பொட்டு இருந்தது.