மூக்கு வழியாகக் கண்ணுக்கு: ஆம்பூரிலிருந்து வேலூர் வரை

2009 ஆடி மாதம், திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறினோம், நானும் என் மகள் ஸ்டெல்லாவும். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். எழுதுவதற்கு அவ்வளவு கூச்சமில்லை.

ஸ்டெல்லா ஷூ கம்பெனியில் தோல் துண்டுகளை நிறம் பார்த்து ஜோடி சேர்க்கிறவள். அவளுக்கு இடது கண் சிறுவயதிலேயே அம்மையில் போனது. வலது கண் ஒன்றை வைத்தே பதினாறு வருஷம் தப்பில்லாமல் வேலை செய்தாள். அந்தச் சித்திரையில் செம்பழுப்பையும் வெறும் பழுப்பையும் ஒரே ஜோடியாகக் கட்டிவிட்டாள். சூப்பர்வைசர் சத்தம் போட்ட பிறகுதான், “சிவப்பே தெரியலம்மா” என்று என்னிடம் சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள். கண்குழியின் ஆழத்தில் திராட்சை அளவுக் கட்டி, பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

பள்ளிகொண்டாவில் பூக்கூடையோடு ஏறிய அம்மாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள்.

“மூக்கு வழியா கண்ணுக்கு ஆபரேசனா? இன்னாம்மா, கதை உடுற!”

“சளி வெளிய வர்ற வழிதானக்கா, கட்டியும் வந்துடும்” என்றாள் ஸ்டெல்லா. பஸ்ஸே சிரித்தது. பிறகு என் காதில், “முகத்துல கோடு விழுந்தா நான் செகண்ட்ஸ்தான்மா” என்றாள். கீறல் விழுந்த தோல் இரண்டாம் தரம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் முகத்தை மூடிக் கூட்டிவர, புதுத் துணி ஒன்றை நான் பையில் வைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு. காகிதத்தில் மூக்கை வரைந்து காட்டினார். மூக்குக்கும் கண்குழிக்கும் நடுவில் அப்பளம் போல மெல்லிய எலும்புதானாம். அதைத் திறந்து, பேனா கனத்தில் ஒரு கேமராவை விட்டு, டிவியில் பார்த்தபடியே கட்டியை எடுப்பார்களாம்.

“கட்டிய எடுத்துடுவோம்மா. பார்வை எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது.”

வெளியே எங்கே வெட்டுவார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. நர்ஸ் கழற்றிக் கொடுத்த ஸ்டெல்லாவின் மூக்குத்தியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

புதன்கிழமை ஏழரைக்கு உள்ளே போனவளை ஒரு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். குனிந்து முகமெல்லாம் தேடினேன். தையல் இல்லை, கோடு இல்லை. மூக்கில் பஞ்சு மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் எந்த வேலையும் தோலில் கத்தி வைத்துத்தான் தொடங்கும். இவர்கள் தோலைத் தொடாமலே கண்ணுக்குப் பின்னால் போய்த் திரும்பியிருந்தார்கள். கர்த்தரே என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, டாக்டரம்மா ஒரு பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டினார்.

“என்ன கலர்?”

“சிவப்பு மாதிரிதான் இருக்கு.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைத் தேற்றச் சொல்கிறாளோ என்று பட்டது. சுற்றி ஐந்து டாக்டர்கள் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே பையிலிருந்து இரண்டு தோல் துண்டுகளை எடுத்து நீட்டினேன்.

“என்னம்மா இது?”

“ஷூ தோலுங்க டாக்டர். இதத்தான் அன்னிக்கு ஒண்ணுன்னு கட்டிட்டா.”

ஸ்டெல்லா வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள்.

“இத எவம்மா ஜோடி சேர்த்தது? வேலைய விட்டே தூக்கணும் அவள!”

டாக்டரம்மா சிரித்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பினோம். மாதனூர் தாண்டியதும் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் வந்தது. மூக்கு அடைத்திருந்த ஸ்டெல்லாவுக்கு அது தெரியவில்லை. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது ரோஸ்ல கொஞ்சம் கம்மி” என்றாள். முகம் மூடக் கொண்டுபோன துணி மடிப்புக் கலையாமல் என் மடியில் இருந்தது.