வெட்டிய ஸ்பிரிங்

என் பனியன் கம்பெனி நன்றாக ஓடிய 1960களில் ஒரு பழைய கார் வாங்கினேன். தரையோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இருந்தால் எடுப்பாக இருக்குமென்று, மெக்கானிக் காதர் பாயிடம் ஸ்பிரிங்குகளை வெட்டிக் குறைக்கச் சொன்னேன். அவிநாசி ரோட்டு வளைவுகளில் வண்டி துளியும் சாயவில்லை. எனக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் எங்கள் கம்பெனி டெய்லரின் மனைவிக்குப் பிரசவ வலி. இருவரையும் பொங்கலூரிலிருந்து ஏற்றிக்கொண்டு வேகமாக வந்தேன். ஒரு குழியில் காரின் அடிப்பாகம் தரையில் இடித்தது. சக்கரங்கள் துள்ளின, ஸ்டியரிங் பிடிக்கு அடங்கவில்லை. வண்டி வாய்க்காலில் இறங்கியது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பின்னால் வந்த லாரிக்காரர்தான் அவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மறுநாள் காலையிலேயே கொதித்துப்போய்ப் பட்டறையில் நின்றேன்.

"ஏம் பாய், ஆளக் கொல்றதுக்கா ஸ்பிரிங்க வெட்டுனீங்க?"

"வளைவுல சாயாதுங்க, ஆனா குழியில ஸ்பிரிங் அமுங்க எடமிருக்காது, சக்கரம் தரைய உட்டு எந்திரிச்சிரும்னு அன்னைக்கே சொன்னனுங்க. நீங்கதான் சொன்னதச் செய்யின்னீங்க," என்றார் பாய். பிறகு கேட்டார்: "அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்குதுங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராகச் சண்டைக்கு வந்திருந்தேன்.

தாயும் குழந்தையும் பிழைத்தது என் புண்ணியமல்ல. இன்றும் எனக்குக் கோபம் சட்டென்று வரும். தப்பு யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.