ஒருவர் மட்டும் நலம்

தந்தி வந்தபோது நான் அக்கா மகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு ஐந்து வயது. பிரைமரி காம்ப்ளக்ஸ், குழந்தைகளுக்கு வரும் காசநோய் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், குணமாகும்வரை தென்காசியில் எங்களிடம் விட்டுவிட்டு அக்காவும் அத்தானும் கென்யாவுக்குத் திரும்பியிருந்தார்கள். அத்தான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எழுபதுகளின் கடைசியில் போனவர்.

அது ஏப்ரல் மாதம், அங்கே பள்ளி விடுமுறை. சஃபாரி போகிறோம் என்று அக்கா முன்பே எழுதியிருந்தாள். வேன் பிடித்துப் போய் சிங்கமும் யானையும் பார்த்துவிட்டு, மாசாய் என்கிற மாடு மேய்க்கும் மக்களின் குடியிருப்பிலும் ஒரு பகல் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். குற்றாலத்தில் குரங்கு பக்கத்தில் வந்தாலே கையிலிருக்கும் தின்பண்டத்தை எறிந்துவிட்டு ஓடுகிறவள் அவள். சிங்கத்தைப் பார்த்து என்ன செய்யப்போகிறாளோ என்று நானும் அப்பாவும் சிரித்தோம்.

தந்தியை நான்தான் வாசித்தேன். வேன் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டது, ஒருவர் மட்டும் நலம், போனில் பேசுகிறோம் என்று அந்தப் பள்ளியிலிருந்து கொடுத்திருந்தார்கள். நலம் என்பதற்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அது வருகிற வழியில் சிதைந்து, ஆண் பெயரா பெண் பெயரா என்றுகூடத் தெரியாத எழுத்துகளாக வந்திருந்தது. தபால் ஆபீசுக்கு ஓடினேன். தந்தியைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டிருப்பதாகவும், பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள்.

எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். எனக்கும் அக்காவுக்கும் தலை வாரிவிட்டு வளர்த்தது அத்தைதான். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அச்சன்புதூரில் வயல் வைத்திருந்தாள். அவளுடைய ஒரே மகன்தான் அத்தான். ஆக, உடன்பிறந்த இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் கட்டிவைத்திருந்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இல்லை.

சொல்லியனுப்பியதும் அத்தை அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். காலில் வயல் சேறு அப்படியே காய்ந்திருந்தது.

"இன்னொரு தடவ வாசிட்டி" என்றாள். வாசித்தேன்.

"அந்தப் பேரு என்ன எழுத்துல ஆரம்பிக்குது?"

சொன்னேன். இரண்டு பேர் பெயரிலும் இல்லாத எழுத்து அது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. அவசரத்துக்கென்று அத்தான் பள்ளியில் கொடுத்து வைத்திருந்தது பஜாரில் ஒரு ஜவுளிக்கடை நம்பர். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தோம். "இங்கனயே இருங்க, எப்ப கால் வந்தாலும் எடுத்துருவோம்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. முகூர்த்த மாதம். கடை நிறையக் கூட்டம். எங்களுக்கு முன்னால் பட்டுச் சேலைகளை விரித்து விரித்துக் காட்டினார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றோம். மதுரையிலிருந்து சரக்கு விஷயமாகப் பேசினார்கள். திருநெல்வேலியிலிருந்து பேசினார்கள். கடை சாத்தும்வரை இருந்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்னால் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். அவர் மறுபடி கேட்டதும் அப்பா தன் மருமகன் பெயரைச் சொன்னார். அத்தை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அவள் என் அக்காவின் பெயரைச் சொன்னாள்.

கோபுர வாசலுக்கு வந்ததும், "நீங்க நடங்க, இந்தா வாரேன்" என்று அத்தை திரும்பிப் போனாள். காணவில்லையே என்று நானும் உள்ளே போனேன். சன்னதி முன்னால் கண்ணை மூடி நின்று, மகன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. தந்தி வந்ததிலிருந்து என் மனசுக்குள்ளும் ஒரே ஒரு பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் போன் வந்தது. பம்பாய் எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுதாங்க, கென்யா கால் என்று அண்ணாச்சி ரிசீவரை அப்பா கையில் கொடுத்தார். கடைப் பையன்கள் சேலை மடிப்பதை நிறுத்தினார்கள். ஒரே இரைச்சல். அப்பா காதை அழுத்திக்கொண்டு கேட்டார்.

"மாப்ளே..." என்றார்.

எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது. அத்தையின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே குவிந்தன. அப்படியே நின்றவள் என்னைப் பார்த்தாள். கைகள் கீழே விழுந்தன. "ஏட்டி, எந் தங்கமே, நான் வளத்த பிள்ளையே" என்று மார்பில் அறைந்துகொண்டு தரையில் சரிந்தாள்.

போனில் அந்தப் பக்கம் அழுகை மட்டுமே கேட்டிருக்க வேண்டும். அப்பா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில், "ஏலே, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அக்காவை அங்கேயே தகனம் செய்துவிட்டு, குற்றால சீசன் நேரத்தில் அத்தான் அஸ்தியோடு வந்து சேர்ந்தார். ஆளே பாதியாகியிருந்தார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"காலைல மாசாய் வீடுகளுக்குப் போனோம் மாமா. சாணி மெழுகுன சின்னச் சின்ன வீடு. பொம்பளைங்க எல்லாம் அவளச் சுத்தி நின்னுக்கிட்டு, இவளுக்கு எத்தன மாடு குடுத்துக் கட்டுனாருன்னு டிரைவர்ட்ட கேட்டாங்க. கன்னுக்குட்டிகூட குடுக்கல, எங்க அத்த மகன்தானன்னு சும்மா கட்டிக்கிட்டேன்னா. அப்படிச் சிரிச்சாங்க. திரும்பும்போது ரோட்டுக்குக் குறுக்க ஆறு. முழங்கால் தண்ணிதான். ஆழம் பாக்க நான் எறங்கி அக்கரைக்கு நடந்தேன். அங்கன நின்னு, வாங்கன்னு கையக் காட்டுனது நாந்தான் மாமா. எங்கயோ மேல பெஞ்ச மழ..."

அதற்கு மேல் துண்டு துண்டாகத்தான் வந்தது. டிரைவரும் பிழைக்கவில்லை. சத்தம் கேட்டு மாசாய் ஆண்கள் ஓடி வந்து கரையோரம் தேடினார்கள். விடிந்த பிறகு அந்தப் பெண்கள்தான் அக்காவைக் கண்டுபிடித்தார்கள். தங்கள் சிவப்புப் போர்வையால் மூடி, போலீஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் தண்ணீரை நோக்கி எழும்போதெல்லாம் ஒரு வயதான பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாளாம். பாஷை தெரியாது. பிடியை மட்டும் அவள் விடவே இல்லை.

அஸ்தியைக் குற்றாலத்தில் கரைத்தோம். அருவிச் சத்தம் கேட்ட இடத்திலேயே அத்தான் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகிறவர்கள் அவரைச் சுற்றி நடந்தார்கள். அத்தை அவரோடு இருந்தாள். நானும் அப்பாவும் ஆற்றில் இறங்கினோம். அப்பாவின் கை கலயத்தை விடவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்தேன்.

அத்தான் திரும்பக் கென்யா போகவில்லை. பிள்ளைக்காக அத்தையும் அவரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அப்பா யாரையும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஆனால் அத்தையும் அத்தானும், தாயும் மகனுமாக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். அத்தைக்கு அது புரிந்தது. மகனுக்குத் தட்டு வைத்துவிட்டு, அவள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடத் தொடங்கினாள்.