ஜன்னலுக்கு எண்ணெய்க் குளியல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரியைக்கூட ஊதிப் பெரிதாக்கப் போவதில்லை. நடந்தது நடந்தபடியே வரும், அப்பா படித்துவிட்டு முறைத்தாலும் சரி.

தேங்காயெண்ணெய் வாசனை... எங்கள் டிரெய்லரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, நான்கு ஜன்னல். கோவளத்தில் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது விற்றதை அப்பா வாங்கி வந்தார். எங்கள் வீடு இருக்கும் ஆரியசாலைக் கடைத்தெருச் சந்துக்குள் அதை நுழைக்க, மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வந்து தள்ள வேண்டியிருந்தது.

"துணி காயப்போடுத இடத்துல ஒரு பெட்டியக் கொண்டு வச்சிருக்கீங்க" என்றாள் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சத்தம் போடமாட்டாள். அதனால்தான் எங்களுக்குப் பயம்.

அந்த ஜன்னல்களுக்கு மேலே கீல். கீழே பிடித்து வெளியே தள்ளினால் திறக்கும். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க, சுற்றிலும் கறுப்பு ரப்பர் பீடிங். மழைக்காலம் முழுக்க மூடியே கிடந்ததில் அந்த ரப்பர் சட்டத்தோடு லேசாக ஒட்டிக்கொண்டது.

அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய். கதவு கிரீச்சிட்டால் தேங்காயெண்ணெய். என் தலைமுடிக்கும் அதே. ஒரு சனிக்கிழமை காலை என் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு, அதே கிண்ணத்தோடு டிரெய்லருக்குள் போனார். நான்கு ஜன்னலுக்கும் பீடிங் முழுக்கத் தடவி, அழுத்தி மூடினார்.

"நல்லா ஊறட்டும், கேட்டோ."

எனக்குச் சீயக்காய் போட்டு அலசினார்கள். ஜன்னல்களை யாரும் அலசவில்லை. அடுத்த சனிக்கிழமை வரை அவை ஊறின.

அந்தச் சனிக்கிழமைதான் வித்துரா பயணம். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு அங்கே ரப்பர் தோட்டம். கிளம்பும்போதே அம்மா நிபந்தனையைச் சொல்லிவிட்டாள். "மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் காத்தோட்டமாப் படுக்கணும். கண்ணசந்தா வண்டி நம்ம கூட இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கிழமை வித்துருவோம்."

அப்பா உடனே ஒப்புக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. மேல்கட்டிலில் என் புத்தகங்களை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தேன்.

தோட்டத்தில் வண்டியை நிறுத்தியதும், கூட வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அடுப்பைப் பற்றவைத்தாள். அப்பா முதல் ஜன்னலைத் தள்ளினார். அது அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. எண்ணெய் குடித்த ரப்பர் உப்பி, பசையாகி, சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. ஓரமெல்லாம் எறும்பு வேறு.

"ஏங்க, இது ஜன்னலா சுவரா?"

"கொஞ்சம் பிடிச்சிருக்கு. இப்ப சரியாகும்."

சரியாவதற்குள் அத்தை சாம்பாருக்கு வற்றல் மிளகாயைத் தாளித்துவிட்டாள்.

நாங்கள் நான்கு பேரும் ஒரே கதவு வழியாக, ஒரே நேரத்தில் வெளியே வந்தோம். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏலே தம்பி, சுத்தி இத்தன ரப்பர் மரம் நிக்கி. எந்த மரத்துக்காச்சும் யாராச்சும் எண்ணெ தேச்சிருக்கானா, பாரு."

அப்பா சிரிக்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு, "சரி, வித்துரலாம்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இப்படியே வித்தா வாங்குறவன் நம்மள ஏசுவான். மொதல்ல தொறக்கட்டும். ஏட்டி, உன் ஸ்கேலக் கொண்டா."

சோப்புத் தண்ணீரைச் சுடவைத்து பீடிங் ஓரமாக விட்டாள். என் பிளாஸ்டிக் ஸ்கேலை நனைத்து, இட்லித் தட்டிலிருந்து இட்லி எடுப்பதுபோல், பிய்க்காமல், சுற்றி வந்தாள். பச்சக் என்றொரு சத்தம். முதல் ஜன்னல் திறந்தது. நான்கையும் திறந்து, ரப்பரிலிருந்த எண்ணெய் போகும்வரை கழுவி, காயவிட்டாள்.

"மதினி, உங்க பவுடர் டப்பாவத் தாங்க."

"மூஞ்சிக்குப் போடுததயா?"

"ஆபரேஷன் தியேட்டர்ல ரப்பர் கிளவுஸ் ஒட்டாம இருக்க அந்தக் காலத்துல பவுடர்தான் போடுவோம். இதுவும் ரப்பர்தான?"

ஒரு டப்பா மல்லிகைப் பவுடர் ஜன்னல்களுக்குப் போனது. அத்தை அன்று முழுவதும் முகத்துக்குப் பவுடருக்குப் பதிலாகத் துண்டைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு அம்மா, "தொறந்து தொறந்து மூடிப் பாக்கணும்" என்று உள்ளே போனாள். நாங்கள் வெளியே காத்திருந்தோம். ஜன்னல் சத்தம் இரண்டு முறை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டிலில், வாயை லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் காற்று அவள் முந்தானையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அப்பா சைகையால் என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். அவர் ஜீப்பின் மேல் சாய்ந்து, அத்தையின் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்க் காரம் என்றார்.

திங்கட்கிழமை வந்தது. விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இப்போது நான் பத்தாம் வகுப்பு. ட்யூஷன், மாடல் எக்ஸாம்... வித்துரா போய் எவ்வளவோ நாளாகிறது. வண்டி முற்றத்திலேயே நிற்கிறது. ஆனால் ஜன்னல்கள் ஒட்டுவதில்லை. மாதம் ஒரு முறை அம்மா கழுவிப் பவுடர் போடுகிறாள். மழை இல்லாத நாளில் ஒரு விரல் இடம் விட்டே மூட வேண்டும் என்பது அவள் சட்டம். அப்பாவுக்கு ஜன்னலைத் தொட அனுமதி கிடையாது. அன்று எங்களைப் பாடாய்ப் படுத்திய அந்தத் தேங்காயெண்ணெயின் வாசனை ஒரு நாள் திரும்பி வந்தால்கூட நன்றாக இருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இதை மேல்கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கீழே அம்மா. படிக்கும் எனக்குத் துணைக்கு வந்தவள், வழக்கம்போலக் காற்றில் கண்ணசந்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை.

"எழுதினது போதும், ஏட்டி" என்றாள். லைட் அணைந்தது.