மலை டிரைவருக்கு எல் போர்டு

என் மனைவிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்த செய்தி பரவியபோது, எங்கள் ஊரில் எல்லோரும் அவளை மனதார வாழ்த்தினார்கள். என்னைப் பார்த்தால் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அது சரி, நீ அங்க போயி என்ன பண்ணுவே?"

நியாயமான கேள்விதான். மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வண்டி ஓட்டுவது ஒன்றுதான் தொழில். வாழைத்தார், பலா, அன்னாசி, மிளகு மூட்டை என்று எது விளைகிறதோ அதை என் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு டீ குடித்துவிட்டு, ராசிபுரம் சந்தைக்குப் போவேன். திரும்பும்போது சிமெண்டோ கோழித்தீவனமோ ஏற்றிக்கொண்டு வருவேன். இதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

அவள் கீழ்நாட்டுக்காரி. மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒப்பந்த நர்ஸாக வந்தாள். வேலைக்கு மலையேறி வருகிறவர்கள் பெரும்பாலும் எப்போது கீழே மாற்றல் கிடைக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் என் வண்டியில் ஏறிக்கொண்டாள், கொஞ்ச நாளில் என்னையே கட்டிக்கொண்டாள். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை.

ஒப்பந்த வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்து அலுத்துப்போன பிறகு, வெளிநாட்டுக்கு எழுதலாம் என்று அவளே முடிவெடுத்தாள். அதற்கு ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் வராது. காரவள்ளியில் நான் டீ குடிக்கும் நேரத்தில் பாடங்களை போனில் இறக்கிக்கொண்டு வருவேன். அவள் பிரசவ வார்டில் நின்று களைத்து வந்து, காதில் மாட்டிக்கொண்டு உட்காருவாள். நான் சோறாக்கிக் குழந்தைக்கு ஊட்டுவேன். முதல் முறை எழுதியதில் தோற்றாள். தேர்வு முடிவைப் பார்த்த அன்று சாயங்காலமும் அதே நேரத்துக்கு, அதே இடத்தில், காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளிடம் எப்பேர்ப்பட்ட பிடிவாதம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த முறை தேறினாள். அவள் முதலில் போனாள். பல மாதங்கள் கழித்து நானும் மகளும் போய்ச் சேர்ந்தோம். விமான நிலையத்தில் எங்களுக்காக இரண்டு கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"மொதல்ல இதைப் போடுங்க. வெளிய வந்தா காத்து அறையும்," என்றாள்.

அளவு கச்சிதமாக இருந்தது. பழைய துணிகள் விற்கும் கடையில், என் உடம்பை மனதில் நினைத்துக்கொண்டே எடுத்தாளாம்.

அது சின்ன ஊர். ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் எங்களுக்கு. கீழே ஒரு கேரளக் குடும்பம். சமையலறை பொது. அந்த இரண்டு அறைகளுக்கே அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்று தெரிந்ததும் மீதிப் பணத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவளுக்கு அந்தக் கவலையெல்லாம் நாங்கள் வருவதற்கு முன்பே தீர்ந்து போயிருந்தது. சுடுதண்ணீர் சுவிட்சை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று காட்டித் தந்தாள். கீழ்வீட்டோடு சேர்ந்து பெரிய மூட்டையாக அரிசி வாங்கிப் பிரித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போவாள். கடை மூடப்போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனால், அன்றைக்கே விற்றாக வேண்டிய ரொட்டிக்கும் கோழிக்கும் மஞ்சள் சீட்டு ஒட்டிப் பாதி விலைக்குத் தருவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு அந்த நேரத்துக்குப் போவாள். யார் அதிகமாக மஞ்சள் சீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று இருவருக்கும் போட்டி. மகள் அதை விளையாட்டு என்றே நம்பினாள். செலவைச் சுருக்குவது வேறு, வீட்டில் இருப்பவர்களை ஏழை என்று உணரவைப்பது வேறு. அந்த இரண்டையும் அவள் ஒருநாளும் கலந்ததில்லை.

எனக்கு வேலைதான் கிடைக்கவில்லை. அவளுக்குச் சில வாரம் பகல், சில வாரம் இரவு. குழந்தையை விட்டுவிட்டுப் போக சொந்தக்காரர் யாரும் இல்லை. ஆக, பள்ளிக்கூட நேரத்துக்குள் முடிகிற வேலை வேண்டும், இல்லை என்றால் அவளுக்கு விடுப்புள்ள நாளில் கிடைக்கிற வேலை வேண்டும். என்னைப் பற்றி அவளே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தந்தாள். அதை எடுத்துக்கொண்டு கடை கடையாக, கிடங்கு கிடங்காக ஏறி இறங்கினேன். எல்லோரும் அன்பாகச் சிரித்து, "கூப்பிடுகிறோம்" என்றார்கள். நான் அதை நம்பி போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகுதான் கீழ்வீட்டுக்காரர், அது இங்கே 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம் என்று விளக்கினார்.

கடைசியில் ஒரு ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது, வார இறுதிக்கு மட்டும். கொதிக்கிற தண்ணீரும் சோப்பும் பட்டுக் கை வெடித்தது. அவள் தினமும் களிம்பு தடவிவிடுவாள். ஒருநாள் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, பாத்திரம் கழுவறதுல ஒண்ணும் கொறைச்சல் இல்லீங்க. ஆனா நீங்க வண்டி ஓட்டறவரு. அத விட்றாதீங்க."

இந்திய லைசென்ஸை வைத்து அங்கே டிரைவர் வேலைக்குப் போக முடியாது. புதிதாக ஆரம்பிக்க வேண்டும். முதலில் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் கேள்வித் தேர்வு. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்லுவேன், மகள் என் உச்சரிப்பைத் திருத்துவாள். இரண்டாம் தடவையில் தேறினேன். பிறகு கட்டாயப் பயிற்சி வகுப்புகள். சொல்லிக் கொடுக்க வந்தவர் அறுபது வயதிருக்கும் ஓர் அயர்லாந்துப் பெண்மணி. காரின் முன்னும் பின்னும் சிவப்பில் எல் போர்டு. கொண்டை ஊசி வளைவுகளில் லோடு இறக்கியே தலை நரைக்க ஆரம்பித்திருந்த எனக்கு! மகள் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். என் அம்மா உடனே போனில் வந்தார்.

"ஏஞ்சாமி, இத்தன வருசமா ஓட்டுனவன இப்பத்தான் பழகச் சொல்றாங்களா அங்க?"

"ஆமாம்மா, புதுசாப் பழகறேன்."

"சரி, பாத்து மெதுவாப் போ கண்ணு."

ஓட்டிக் காட்டும் தேர்வில் எனக்குப் பயமே இல்லை. அதுதான் வினையாகிவிட்டது. ஊருக்கு வெளியே குறுகலான சாலை. இரண்டு பக்கமும் உயரமான புதர்வேலி. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவு வந்ததும் என் கை தானாகப் போய் ஹாரனை நீட்டி அழுத்தியது. மலையில் அப்படி அடிக்காவிட்டால் எதிரே வரும் லாரி நம்மேல் ஏறிவிடும். இங்கே பக்கத்தில் இருந்த அதிகாரி அதிர்ந்து போனார். வேலியோரம் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு மனிதர் துள்ளி ஒதுங்கினார். அடுத்த வளைவிலும் அடித்தேன். அதற்கடுத்த வளைவிலும். கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை என்றும், நடுரோட்டில் ஓட்டுகிறேன் என்றும் வேறு குறைகளையும் சேர்த்துச் சொல்லி, தேறவில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அந்த நாய்க்காரரு பாவமுங்க," என்றாள்.

அந்த நாட்டுக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோற்ற வருத்தம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது.

ஆனால் அந்த மாதமே இன்னொன்று வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறாராம். இரண்டு குடும்பமும் காலி செய்ய வேண்டும். வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் எங்களுக்கு முன்னால் தெருவரை வரிசை நின்றது. இரவு வேலை முடித்து வந்தவள் தூங்காமல், என்னோடு அந்த வரிசைகளில் வந்து நிற்பாள். கணவருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். பாத்திரம் கழுவுகிறேன் என்றதும் முகம் மாறும். இரண்டு சம்பளம் வருகிற குடும்பத்துக்குத்தான் சாவி போகும். என்னால்தானே இப்படி என்று நான் குன்றிப்போவேன்.

பயிற்சி வகுப்பில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்மணி விசாரித்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"என் அம்மா இருந்த வீடு கிராமத்தில் பூட்டிக் கிடக்கிறது. பழைய வீடு, குளிர் அதிகம். வாடகை உங்களால் முடிகிற அளவுக்குப் பேசிக்கொள்ளலாம். ஆனால் அங்கே பஸ் கிடையாது. உங்கள் மனைவி இரவில் எப்படி வேலைக்குப் போவார்? நீங்கள் லைசென்ஸ் எடுத்தால்தான் அது நடக்கும்."

எல் போர்டு ஆள் தனியாக ஓட்டக்கூடாது என்பது சட்டம். வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு முன்னால் எனக்கு இன்னொரு தேர்வு நாள் கிடைத்தது. அதற்குள் கூடுதல் வகுப்புகள் வேண்டும். அதற்கான பணத்துக்காக அவள் விடுப்பு நாளிலும் வேலைக்கு ஒத்துக்கொண்டு வந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? எனக்காக நீ இப்படிச் சாக வேண்டாம் புள்ள. நான் கெடச்ச வேலையப் பாத்துக்கறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் படிச்சப்ப நீங்க லோடு எறக்கிட்டு வந்து சோறாக்குனீங்க. தோத்துட்டு வந்தப்பவும் ஆக்குனீங்க. எதுக்கு இன்னும் படிக்கறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? இப்ப நான் போறேன். நீங்க ஓட்டப் பழகுங்க. அவ்வளவுதானுங்க."

அன்றைக்கே அடுத்த வகுப்புக்கு நாள் குறித்தேன்.

பயிற்சி கொடுத்தவர் என்னிடமிருந்த பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கண்ணாடியைப் பார்க்கும்போது தலையையும் திருப்பு, பார்த்தது அதிகாரிக்குத் தெரிய வேண்டும் என்பார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடி என்பார். சின்ன வயதில் கற்றதை மறப்பது, புதிதாகக் கற்பதைவிடக் கடினமாக இருந்தது. ஆனால் தேர்வன்று ஹாரன் என்று ஒன்று வண்டியில் இருப்பதையே நான் நினைக்கவில்லை. தேறினேன். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். அவள் வார்டில் இருந்தாள். "சரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குள் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

சொன்னபடியே அந்த வீடு கிடைத்தது. பழைய கார் ஒன்றை வாங்கினோம். அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும், கூட்டி வருவதும், மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும் என் பொறுப்பு ஆனது. குளிர்காலம் முழுக்க நாங்கள் மூவரும் அடுப்பு இருந்த ஒரே அறையில் படுத்தோம். சுவரில் ஈரம் பூத்தது; துடைத்தோம், திரும்பப் பூத்தது. ஆனால் முதன்முறையாக மாதக் கடைசியில் அவள் சம்பளத்தில் கொஞ்சம் மிஞ்சியது. அந்த மிச்சத்தை அவள் தொடவில்லை. சிறு பஸ் ஓட்டுவதற்கான அடுத்த லைசென்ஸுக்கு என்னை அனுப்பினாள்.

இப்போது நான் அங்கே கிராமத்து முதியவர்களை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு, டவுனுக்கு ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் சிறு பஸ்ஸை ஓட்டுகிறேன். பாதிப் பேருக்கு நான் சொல்வது புரியாது. பாதி நேரம் அவர்கள் சொல்வது எனக்குப் புரியாது. இருந்தாலும் மழையைப் பற்றி இரு தரப்பும் குறைபட்டுக்கொண்டே போய்விடுகிறோம்.

போன கோடையில் ஊருக்கு வந்திருந்தோம். சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் இளம் நர்ஸுகள் நாலைந்து பேர் அவளைப் பார்க்க வந்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வழக்கமாக அளப்பதைப் போல அவள் அளக்கவில்லை. வாடகையைச் சொன்னாள், குளிரைச் சொன்னாள், சுவரில் ஈரம் பூப்பதைச் சொன்னாள். கூட வருகிறவருக்கு மாசக்கணக்கில் வேலை கிடைக்காமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

"இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. போகவேண்டாம்னு நான் சொல்லல. போனா நிமிரலாம். ஆனா ஊட்ல ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கோணும்," என்றாள்.

அவர்களில் ஒரு பெண், அண்ணன் அங்கே என்ன செய்கிறார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கேட்டபின் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்பதுபோல என்னையும் பார்த்தாள்.

"பஸ் ஓட்டறாருங்க," என்றாள் என் மனைவி. கலெக்டராக இருக்கிறார் என்று சொல்லியிருந்தால் எந்தக் குரலில் சொல்லியிருப்பாளோ, அதே குரலில்.