வேலியோரம் வானம் பார்த்து நிற்கும் எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவுடன் அட்டைப் படத்தைப் பார்த்து, துக்க வீட்டுப் புத்தகத்தில் இதென்ன கூத்து என்று சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். ஒரு மரவேலி. அதன் பக்கத்தில் இரண்டு கையாலும் பேண்ட்டை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து நிற்கும் எங்கள் அண்ணன். கோட்டு போட்டுக் கண்ணியமாக எடுத்த படம் வீட்டில் இல்லாமல் இல்லை. இருந்தும் இதைத்தான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றவள் அவருடைய ஒரே தங்கையாகிய நான். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அதன் காரணத்தை உறவினர்களும் நண்பர்களும் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

அண்ணன் முத்தியால்பேட்டையில் பிறந்தவர். எங்கள் தந்தையார் மில் தொழிலாளி. மில் சங்கு ஊதிச் சற்று நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இரண்டு கையாலும் வேட்டியை இழுத்து இறுக்கிக்கொள்வார். வானத்தைப் பார்ப்பார். தரையைப் பார்ப்பார். பெரிய சேதி எதையோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறப்பார். பிறகு அதை அப்படியே விழுங்கிவிட்டு உள்ளே வந்துவிடுவார். நானும் அண்ணனும் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கப்சிப்பென்று உட்கார்ந்திருப்போம். அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் முன்னால் நாங்கள் சிரித்ததும் இல்லை.

அந்நாளில் எங்கள் பக்கம் வெளிநாடு என்றால் பிரான்சுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாரீசுக்குப் பறந்தார்கள். மில்காரர் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? அண்ணன் கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் சமையல் கற்றுக்கொண்டு, அதைப் பிடித்துக்கொண்டே ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"அங்க நமக்கு யாருடா இருக்கா?" என்று அம்மா அழுதார்.

"யாருமில்லம்மா. அதான் போறேன்" என்றார் அண்ணன். அப்பா மில்லுக்குப் போயிருந்த நேரம்; எல்லோரும் சிரித்தோம்.

அவர் போன மறு வருடமே அப்பா காலமானார். அண்ணனால் வந்து சேர முடியவில்லை. எங்கள் சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். போனில் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கடைசியா எதுனா சொன்னாரா?" இல்லை என்றேன். அப்பா என்றைக்குச் சொல்லியிருக்கிறார்!

மெல்போர்னில் அவர் சமைத்த ஓட்டலுக்கு அடுத்தாற்போல் ஒரு மதுக்கூடம். அங்கே வாரம் ஒருநாள் யார் வேண்டுமானாலும் மேடையேறி வேடிக்கையாகப் பேசலாமாம். அண்ணன் ஒருநாள் ஏறினார். அப்புறம் இறங்கவே இல்லை. தொலைக்காட்சியில் டாக்சி ஓட்டுநர், கடைக்காரர், டாக்டர் என்று பெயரில்லாத வேடங்கள் கிடைத்தன. கதவைத் திறந்துகொண்டு வருவார், ஒரு வரி பேசுவார், போய்விடுவார். அப்படியே பல வருடம். அதன்பின் வந்ததுதான் அந்தத் தொடர். எதற்கெடுத்தாலும் வேலியோரம் வந்து சண்டை பிடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வேடம். அது அவரை நாடறிந்த நடிகராக்கியது. காய்கறி வாங்கப் போனால்கூட ஜனங்கள் சூழ்ந்துகொண்டு படம் எடுப்பார்களாம். இரண்டொரு சினிமாவிலும் நடித்தார். ஒன்றில் மனைவியைப் பறிகொடுத்து அழும் காட்சி. அவர் முகத்தைக் கண்டதுமே தியேட்டரில் சிரித்துவிட்டார்களாம். அதைச் சொன்ன அன்று அண்ணன் போனைச் சீக்கிரம் வைத்துவிட்டார்.

அவர் அங்கேயே மணம் செய்துகொண்டார். அது நிலைக்கவில்லை, பிள்ளைகளும் இல்லை. அதைப்பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கிளறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் போன் வரும். அந்த வாரம் நடித்ததை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவார்.

"பக்கத்து வீட்டுக்காரன் அவன் நாய்க்குப் பொறந்தநாள் கொண்டாடுறான். என்னைக் கூப்பிடல. நான் சண்டைக்குப் போறேன்."

"நாய் பொறந்தநாளுக்குக் கூப்பிடலன்னு யாராவது கோச்சிக்குவாங்களாண்ணே?"

"அதான் பாப்பா காமெடி."

"அப்படியா, சரி."

இத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படித்தால் விளங்கும்; அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற வேகத்துக்குப் பிடிபடாது. ஒருமுறை அண்ணன் ஊருக்கு வந்தபோது அவருடைய தொடரை சிடியில் கொண்டுவந்தார். குடும்பமே டிவி முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. டிவிக்குள் சிரித்தார்கள், அதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் தாமதமாக. "எப்ப சிரிக்கணும்னு சொல்லுடா" என்று அம்மா கேட்டேவிட்டார். அண்ணன் எழுந்து டிவியை நிறுத்தினார். "பசிக்குதும்மா, தோசை ஊத்து" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஊர் உலகமே சிரிக்கிறது, பெற்ற வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்றால் ஒரு நடிகருக்கு எப்படி இருக்கும்?

அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, உடலில் நோயோடு அண்ணன் ஊர் திரும்பினார். மருத்துவர்கள் இனிச் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் கணவரும் காலமாகி, மகள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டதால், பெரிய வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். தெருவில் அவர் 'டீச்சரோட அண்ணன்'. டீக்கடையில் ஒருவர், "சார் நடிகராமே, எந்தப் படம்?" என்று விசாரித்தார். "உங்க ஊர்ல ஓடாத படம்" என்றார் அண்ணன்.

மாலையில் ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போவோம். அந்த நேரத்தில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். ஒருநாள் அப்படிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நாலடி போனதும் அந்த மனிதர் திரும்பி வந்தார். அண்ணன் எதிரில் நின்றார். இரண்டு கையாலும் அரைக்கால் சட்டையை இழுத்து இறுக்கினார். வானத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் விழுங்கினார்.

சிரிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சுண்டல் பொட்டலம் கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த மனிதர் அண்ணன் கைகளைப் பற்றிக் குலுக்கினார். அவர் மனைவி படம் எடுத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அது அழுகையாக மாறியிருந்தது.

"அண்ணே, அது அப்பா."

"தெரிஞ்சிடுச்சா?"

"சங்கு ஊதி வந்து நிக்கிறாரே! எனக்குத் தெரியாதா?"

"வேலியோரம் வந்ததும் அப்படித்தான் நிப்பேன். அங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும் பாப்பா. யாருன்னுதான் தெரியாது."

"ஏண்ணே, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சிரிப்பு வருமா?" என்று கேட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் பகலுணவுக்குப் பின் அந்தத் தொடரைப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலம் அதே வேகம்தான். அன்று சிடி போட்டபோது பேச்சைப் பிடிக்கிற அவசரத்தில் அவர் நிற்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்; இப்போது பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. அண்ணன் வேலியோரம் வந்து பேண்ட்டில் கை வைத்தாலே, டிவிக்குள் இருப்பவர்களுக்கு முன்பாக நான் சிரித்துவிடுவேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் டிவியைப் பார்க்கமாட்டார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்தபடியே உறங்கியவர், பிறகு விழிக்கவில்லை.

அட்டைப் படத்துக்கு முதலில் தடை சொன்னவர் சித்தப்பா. "இன்னாம்மா இது, இடுப்பைப் பிடிச்சிக்கினு நிக்கிறான்! ஊரு சிரிக்கும்" என்றார். நான் வாதாடவில்லை, அச்சகத்திலிருந்து வந்த அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அடப்பாவி, எங்க அண்ணனாட்டமே நிக்கிறானே" என்றார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

நோயில் துணை நின்ற செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், தள்ளாத வயதிலும் அண்ணனுக்கும் தம் கையாலேயே ஈமக்கடன் முடித்த சித்தப்பாவுக்கும், சாவுக்கு வந்து தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடற்கரையில் எங்களை நிறுத்திய அந்தத் தம்பதிக்கும் நன்றி; பெயரைக் கேட்டு வைக்காததால் இந்த மலர் அவர்களுக்குப் போய்ச் சேராது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வருவதில்லை. நான் மட்டும் அந்நேரத்துக்கு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அட்டையை இன்னொரு முறை திருப்பிப் பாருங்கள். எங்கள் அப்பாவை அறிந்தவர்கள் இன்னும் சிலராவது இருப்பீர்கள். சிரிப்பு வந்தால் துக்க வீடென்று அடக்கிக்கொள்ள வேண்டாம். அண்ணன் அதற்காகத்தான் காத்திருந்தார்.